சுழலும் மீனுக்கு மூன்று சோதனைகள்

மனிதருக்கு நோய் வந்தால் மருத்துவர் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறார். மீனுக்கு நோய் வந்தால் என்ன செய்வது? அதற்கும் சோதனைச்சாலைகள் உண்டு; சோதனைகளும் பல உண்டு. அவற்றுள் எது சிறந்தது? டிரவுட் மீனுக்கு வரும் 'சுழல் நோயை' எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். ஆங்கிலேயர் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளுக்கும் கொண்டுவரப்பட்டது. மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ் என்னும் ஒட்டுண்ணி, இம்மீன் குஞ்சின் குருத்தெலும்பை அரித்துவிடுகிறது. குஞ்சின் வால் கறுத்துப்போகும். நேராக நீந்த இயலாமல், தன் வாலையே துரத்துவதுபோல் பம்பரமாய்ச் சுழலும். இந்நோய் 1893-இல் ஜெர்மனியில் முதன்முதலாக அறியப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவிலும் பரவி, 1990-களில் மொன்டானா மாநிலத்து மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் வானவில் டிரவுட் மீன்கள் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் குறையக் காரணமாயிற்று. மனிதரை இந்நோய் தொற்றுவதில்லை.

சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் என்னும் சிறு புழுவின் உடலிலும் இவ்வொட்டுண்ணி வளர்கிறது என்பதை வுல்ஃப் என்பவரும் மரியா மார்க்கிவ் அம்மையாரும் 1984-இல் விளக்கினர். முதற் சோதனையை 1974-இல் வகுத்துத் தந்தவர்களும் இவ்விருவரே.

முதலாவது, செரிமானச் சோதனை. மீனின் தலை எலும்புகளைப் பெப்சினிலும் பின்னர் டிரிப்சினிலும் ஊறவைப்பர். நம் வயிற்றில் உணவைச் செரிக்கச் செய்யும் அதே நொதிகள்தாம் இவை! மற்றவை கரைந்துபோக, கடினமான ஸ்போர்கள் மட்டும் எஞ்சும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள இவற்றை நுண்ணோக்கியில் காணலாம். செலவு குறைவு, தலை முழுவதையும் சோதிக்கலாம். ஆனால் இனத்தைச் சேர்ந்த வேறு ஒட்டுண்ணிகளின் ஸ்போர்களும் இதே உருவில் இருக்கும். மேலும், ஸ்போர்கள் உருவாகச் சில மாதங்கள் ஆவதால் புதிய தொற்று தப்பிவிடும்.

இரண்டாவது, திசுச் சோதனை. தலையை மிக மெல்லிய சீவல்களாக நறுக்கிச் சாயமேற்றிப் பார்ப்பர். ஒட்டுண்ணி குருத்தெலும்பில் உள்ளதா, நரம்பில் உள்ளதா என்பது விளங்கும். குருத்தெலும்பில் இருந்தால் ஐயம் தீரும். ஆனால் சில சீவல்களையே பார்ப்பதால், ஒட்டுண்ணி சிறிதளவே இருந்தால் கண்ணுக்கு அகப்படாமல் போகலாம்.

மூன்றாவது, 1998-இல் வந்த பி.சி.ஆர். சோதனை. ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறிவது இது. ஸ்போர் தோன்றுமுன்னரே நோயைக் காட்டிவிடும். ஆயினும் ஒட்டுண்ணி உயிரோடிருக்கிறதா, இறந்ததா என்று சொல்லாது. ஒரு மாதிரியின் துளி மற்றொன்றில் கலந்தாலும் முடிவு பிழையாகும்.

எனவே முதற் சோதனையில் ஸ்போர் தென்பட்டால், மற்ற இரண்டில் ஒன்றால் உறுதி செய்கின்றனர். எத்தனை மீன்களைச் சோதிப்பது? பெரிய பண்ணையில் நூற்றுக்கு ஐந்து மீன்களுக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். 60 மீன்களை எடுத்தால், அவற்றுள் நோயுள்ள மீன் ஒன்றேனும் இருப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு உண்டு. மீதி ஐந்தை மறக்கலாகாது.

சோதனையில் நோய் தப்பினால், பண்ணைக் குஞ்சுகளோடு அதுவும் ஆற்றில் இறங்கும். சேற்றுப் புழுக்களில் குடியேறிய பின் அதை விரட்டுவது மிக அரிது. ஆகவே தோழியரே, "காணவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல என்பதை அறிவியல் பயிலும் நாம் நினைவில் கொள்வோமாக!