முகவரி சரி, பொருள் சரியா?

மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே இறக்குக என்று நான் பலகாலும் கூறுவதுண்டு. நல்ல அறிவுரைதான், ஆயினும் அது மட்டும் போதாது.

ஹேண்ட்பிரேக் என்பது காணொளிகளை வேறு வடிவுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள். 2017 மே மாதத்தில், அதனை வழங்கிவந்த சேவையகங்களுள் ஒன்றில் எவரோ புகுந்து, மேக் கணினிக்குரிய கோப்பை அகற்றி, கடவுச்சொற்களைக் களவாடும் நச்சுநிரல் கலந்த கோப்பை வைத்துவிட்டனர். மே 2 முதல் 6 வரை இறக்கியவர்க்கு நச்சுக்கோப்பு வாய்க்கப் பாதிக்குப் பாதி இடமிருந்தது. முகவரியில் பிழையில்லை, பொருள்தான் மாறிவிட்டது.

இதனைக் கண்டறிவது எங்ஙனம்? கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு குறிக்கோவையாகச் சுருக்க இயலும். ஷா-256 என்னும் முறையில் அது 64 குறிகள் உடையது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் கோவை முற்றிலும் வேறாகிவிடும். மேக்கில் ஷாசம், விண்டோஸில் செர்ட்யூட்டில் என்னும் கட்டளைகள் அதனைக் கணக்கிட்டுத் தரும். ஆக்கியோர் வெளியிட்ட கோவையோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு நிமிடமே ஆகும். கோப்பு கிடைத்த சேவையகத்திலேயே கோவையையும் பார்ப்பதில் பயன் குறைவு. கோப்பை மாற்றிய கள்வன் அதனை மட்டும் விட்டுவைப்பானா? வேறோரிடத்தில் வெளியிட்டதைக் காண்க. ஹேண்ட்பிரேக் குழுவினரும் பின்னர் நச்சுக்கோப்பின் கோவையை வெளியிட்டே, தம்மிடம் உள்ளது எது என்று பயனர்கள் அறியச் செய்தனர்.