மிதக்கும் முட்டு

2002 ஜனவரி 31. டெர்ரா செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு வெள்ளை வெளேரென்று கிடந்தது. உற்றுப் பார்த்தால் அதன்மேல் நீலநீலமாகச் சில கீற்றுகள். கோடையில் உருகித் தேங்கிய குட்டைகள் அவை. தண்ணீர் பனியைவிடக் கனமானது. விரிசலுக்குள் இறங்கினால் ஆப்பு அடித்ததுபோல் அடிவரை பிளந்துவிடும். அதுதான் நடந்தது. ஐந்தே வாரங்களில் 3,250 சதுர கிலோமீட்டர் பனி நொறுங்கிக் கடலில் சிதறியது.

நிலத்தின்மேல் மெல்ல ஊர்ந்து வரும் பனியாறு, கடலை எட்டியதும் அறுந்துவிடாமல் அப்படியே தண்ணீரில் மிதக்கும். மிதக்கிற அந்தப் பகுதிக்குத்தான் பனித்தட்டு என்று பெயர். அது உருகுவதால் மட்டும் கடல்மட்டம் பெரிதாக உயர்ந்துவிடாது. தளும்பத் தளும்ப நிறைந்த டம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தால் தண்ணீர் வழிவதில்லையே!

பிறகு எதற்குக் கவலை? பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் பனியாற்றுக்கு இந்தத் தட்டுதான் முட்டு. லார்சன் பி போனதும் அதன் பின்னிருந்த ஹெக்டோரியா, கிரீன், எவன்ஸ் பனியாறுகள் 2003இல் முன்பைவிட எட்டு மடங்கு வேகமாகக் கடலுக்குள் இறங்கின. இது நிலத்திலிருந்து புதிதாக வந்து சேரும் பனி. கடலை உயர்த்துவது இதுதான்.

முட்டு எப்போது தளரும் என்று எப்படி அறிவது? ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் விநாடிக்கு 10,000 முறை பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு பனியின் உயரத்தை அளக்கிறது. மிதக்கும் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். ஆகவே மேற்பரப்பு ஒரு மீட்டர் தாழ்ந்திருந்தால், தட்டு ஒன்பது பத்து மீட்டர் மெலிந்துவிட்டது என்று கணக்கு.

ராடாரின் வித்தை இன்னும் நுட்பமானது. மேகமோ துருவத்தின் நீண்ட இரவோ அதற்குத் தடையில்லை. கடல் ஓதத்தோடு மிதக்கும் பனியும் ஏறி இறங்கும். தரையில் ஊன்றிய பனி அசையாது. வெவ்வேறு நாட்களில் எடுத்த ராடார் பதிவுகளை ஒப்பிட்டால், பனி எந்தக் கோட்டில் தரையைவிட்டு மிதக்கத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். மேற்கு அண்டார்டிகாவின் பைன் தீவுப் பனியாற்றில் அந்தக் கோடு 1992க்கும் 2011க்கும் இடையே 31 கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது. ஆழத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல்நீர் அடியிலிருந்தே பனியை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்பக்கத்தை எந்தக் கேமராவும் வானிலிருந்து பார்க்க முடியாது, ஓதம்தான் காட்டிக்கொடுத்தது.

உருகிய பனி நன்னீர். அது உப்புநீரைவிட லேசானது. அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர்ந்து, உப்பேறிக் கனத்த நீர் அடியாழத்துக்கு மூழ்கி, ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு உலகப் பெருங்கடல்களின் தரையெங்கும் பரவுகிறது. நன்னீர் கலக்கக் கலக்க அந்தக் கனம் குறைகிறது, மூழ்குவதும் தளர்கிறது. துருவத்தில் கரைவது துருவத்தோடு நின்றுவிடுவதில்லை.

இந்தப் பனியையும் கண்காணிக்க, 2025 ஜூலை 30 அன்று இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வரும் ராடார் அது. பக்கவாட்டில்தான் பார்க்கும் என்பதால், வடதுருவம், தென்துருவம் இரண்டின் மையத்தையும் ஒருசேரக் காண அதற்கு வாய்ப்பில்லை. எந்தப் பக்கம் திருப்புவது? இடப்பக்கம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் அண்டார்டிகா இருக்கிறது.