திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் ஆலயம்: செம்பியன் மாதேவியார் திருப்பணி, கி.பி. 1001

திண்டிவனத்துக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் விளங்கும் இந்த க்ஷேத்திரத்தில், சிவலோகமுடைய பரமசுவாமி என்று சாசனம் போற்றும் இறைவனுக்கு, முதலாம் இராஜராஜனின் 16-ஆம் ஆட்சியாண்டில் கற்றளி எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார்.

கணவர் கண்டராதித்த சோழர் ஏறத்தாழ கி.பி. 957-இல் சிவபதம் அடைந்தபின், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பழைய செங்கற்கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் புதுப்பிக்கும் கைங்கரியத்தில் இவ்வரசியார் ஈடுபட்டிருந்தார்.

மாதேவியார் தம் நாயகரின் நினைவைச் சிற்பியின் உளிக்கு ஒப்படைத்தார். கணவர் பெயரால் அவர் கோனேரிராஜபுரத்தில் எழுப்பிய ஆலயச் சுவரில், கண்டராதித்தர் சிவலிங்கத்தைப் பூஜிக்கும் புடைப்புச் சிற்பத்தையும், அது இன்னாருடைய உருவம் என்று பெயர் சொல்லும் சாசனத்தையும் இன்றும் காணலாம்.