சளியைச் சோதிக்கும் சில்லு: முடிவைக் கருவியே கணிப்பது எப்படி?

தொரப்பள்ளி வட்டாரத்தில் தக்காளி, முட்டைகோஸ், ராகி பயிரிடும் குடும்பங்கள் பலவற்றில் ஓரிரு கறவை மாடுகளும் உண்டு. வீட்டில் ஒருவர் ஓசூர் தொழிற்சாலைக்கோ கல் குவாரிக்கோ வேலைக்குப் போவதும் உண்டு. இத்தகைய வீட்டில் எவருக்கேனும் இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். கல்தூசு நுரையீரலில் படிந்தவர்களை இந்நோய் எளிதில் பற்றும். நோயுற்ற மாட்டின் காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் மாட்டுக் காசநோய் மனிதருக்கு வரக்கூடும்.

நெடுங்காலமாகச் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நோய் கண்டறியப்பட்டது. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இம்முறையில் தென்படும். ஒரே நாளில் பல தகடுகளைப் பார்க்கும் ஊழியரின் கண் அயர்ந்தால் அதுவும் தப்பிவிடும்.

இக்குறையைப் போக்க வந்தது ‘ட்ரூநாட்’ என்னும் சோதனை. நம் எல்லைக்கு அப்பால் பெங்களூரிலுள்ள பிக்டெக் ஆய்வகத்தில் உருவானது. கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கிறது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் காசநோய்க்குப் பரிந்துரைத்தது. கருவி பேட்டரியிலும் இயங்கும் என்பது, மின்வெட்டுள்ள ஊர்களுக்குச் சிறிய விஷயமல்ல.

முதல் கருவி சளியிலிருந்து கிருமியின் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கிறது. அத்திரவத்தில் ஆறு மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு சொட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, சிறு சில்லின் குழியில் விடப்படுகிறது. திரவம் இவ்வளவு குறைவாக இருப்பதால் அதைச் சூடாக்குவதும் குளிரச் செய்வதும் விரைவில் முடிகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மரபுப் பொருள் இரட்டிக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாவது சுற்றில் 1,024 ஆகும். இருபதாவது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். பெருகப் பெருகச் சில்லில் ஒளி கூடும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. தொடக்கத்திலேயே உள்ள மங்கலான ஒளியைக் கழித்துவிட்டு, எத்தனையாவது சுற்றில் ஒளி குறித்த அளவைத் தாண்டுகிறது என்று கருவி கவனிக்கிறது. குதிர் நிரம்ப எத்தனை போகம் ஆயிற்று என்று தெரிந்தால், முதலில் இருந்த விதை எவ்வளவு என்று கணக்கிடலாமல்லவா? அதுபோலவே, சீக்கிரம் தாண்டினால் கிருமி அதிகம், தாமதித்தால் குறைவு. ஊழியர் வரைபடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. கிருமி உண்டா, அதிகமா, நடுத்தரமா, குறைவா, மிகக் குறைவா என்பதைக் கருவியே திரையில் காட்டிவிடும். ஒரு மில்லி லிட்டரில் நூறு கிருமி அளவில் இருந்தாலும் கண்டுபிடிக்கும். மொத்தம் ஒரு மணி நேரம் பிடிக்கும். கிருமி இருந்தால், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதை அதே திரவத்தைக் கொண்டு இன்னொரு சில்லில் பார்த்துவிடலாம்.

சோதனை சரியாக நடந்ததா என்று அறியவும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாதிரியோடும் சாட்சிப் பொருளொன்று சேர்க்கப்படுகிறது. கிருமியும் தெரியாமல், சாட்சியும் தெரியாமல் போனால் ‘செல்லாது’ என்று முடிவு வரும். இதை ‘நோய் இல்லை’ என்று எண்ணி வீடு திரும்பக்கூடாது. மறுபடி சளி கொடுக்க வேண்டும்.

எச்சிலைக் கொடுத்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. காலையில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியே ஏற்றது.

செத்த கிருமியின் மரபுப் பொருளையும் கருவி கணக்கில் சேர்க்கும். ஆகவே முன்பு காசநோய்க்கு மருந்து உண்டவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் கூற வேண்டும். கிருமி மாட்டு வகையா, மனித வகையா என்றும் இச்சில்லு பிரித்துச் சொல்லாது. மாடு வளர்ப்பவர்கள் அதையும் தெரிவிப்பது நல்லது. மாட்டுக்குச் சோதனை வேறு: கால்நடை டாக்டர் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார். நான்கு மில்லி மீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் நோய் எனக் கொள்ளப்படும்.

அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மத்திய அரசு வழங்கும் மாதத் தொகை, 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதைப் பெற வங்கிக் கணக்குப் புத்தகத்தை உடன் கொண்டுசெல்லவும்.