தென்மராட்சியின் இன்னொரு மொழி

தென்மராட்சியில் தமிழோடு இன்னொரு மொழியும் பல பத்தாண்டுகளாகப் புழங்கி வருகிறது என்பதைச் சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் எண்ணிப் பார்த்ததில்லை. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில் உள்ள கைதடியில், செவிப்புலனோ பார்வைப்புலனோ வலுவற்ற பிள்ளைகளுக்காக 1950களின் நடுப்பகுதியில் நவீல்ட் பாடசாலை தொடங்கப்பட்டது. மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரி 1912இல் நிறுவிய இரத்மலானைப் பாடசாலை அதற்கு முன் இத்தகைய பிள்ளைகளுக்குப் புகலிடமாக இருந்தது. வடக்கிலிருந்து சென்ற தமிழ்ப் பிள்ளைகள் பெற்றோரை விட்டு வெகுதூரத்தில் தங்கிப் படிக்க நேர்ந்தது.  

காது கேளாத பிள்ளைகள் ஒரே வகுப்பிலும் ஒரே விடுதியிலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழும் இடங்களில், கைகளால் பேசும் மொழி ஒன்று தானாகவே வேரூன்றி, மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குப் பரவுவதை உலகெங்கும் காணலாம். சைகை மொழி எனப்படும் அது தனக்கென்று சொற்களும் இலக்கணமும் உடையது. பேச்சுத் தமிழைச் சொல்லுக்குச் சொல் கையசைவாக மாற்றி அதனைப் பெற்றுவிட முடியாது. கையின் வடிவம், கை நிற்கும் இடம், கை அசையும் விதம் ஆகிய மூன்றும் இணைந்தே ஒரு சைகைச் சொல் உருவாகிறது என்பதை, அமெரிக்காவின் கலோடெற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்ரோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். முதல் ஒலி மாறியதும் ‘பல்’ என்பது ‘கல்’ ஆகிவிடுவது போல, இம்மூன்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும். உள்ளங்கை நோக்கும் திசையையும் முகபாவத்தையும் பின்வந்த ஆய்வாளர்கள் இவற்றோடு சேர்த்தார்கள். பல சைகை மொழிகளில் ஒரு வாக்கியம் கேள்வியா கூற்றா என்பதைப் புருவத்தின் அசைவே காட்டுவதால், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைப்பவரின் பேச்சு எதிரில் நிற்பவருக்குச் சரிவர விளங்காது.

செவிப்புலன் இழப்புக்காகச் சிகிச்சையோ பயிற்சியோ தேவைப்படுவோர் உலகில் 430 மில்லியன் பேர் என்றும், அவர்களுள் 34 மில்லியன் பேர் சிறுவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது இந்த எண்ணிக்கைகளைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது. அம்மா, அம்மம்மா, அயலட்டை என எல்லோரும் ஓயாது பேசும் வீட்டில், அந்தப் பிள்ளை ஒன்றுக்கு மட்டும் மொழி கிடைப்பதில்லை. பசி, தண்ணீர், வா, போ என்பவற்றுக்குக் குடும்பத்தினர் தாமாக அமைத்துக்கொள்ளும் சைகைகள் அன்றாடத் தேவைக்குப் போதும். ஆனால் நேற்று வரை மடியில் வைத்திருந்த அப்பப்பா இன்று ஏன் பெட்டியில் கிடத்தப்பட்டிருக்கிறார் என்று நான்கு வயதுப் பிள்ளை கண்களால் கேட்கும்போது, பதில் சொல்ல அந்தச் சைகைகள் போதா. முதல் மொழியே பிந்திக் கிடைத்தவர்கள், வளர்ந்த பின்னும் சிக்கலான வாக்கியங்களில் தடுமாறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

யுத்த காலத்தில் இந்தத் தனிமை உயிராபத்தாகவும் மாறியது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்களை வெளியேறச் சொன்ன அறிவிப்பு ஒலிபெருக்கி வழியாகவே வந்தது; இலட்சக்கணக்கானோர் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர்; அடைக்கலம் தந்த சாவகச்சேரியும் 2000ஆம் ஆண்டுச் சமரில் இடிபாடானது. எறிகணையின் ஓசையை வைத்தே பதுங்கு குழிக்கு ஓடிய ஒரு சமூகத்தில், காது கேளாதவருக்கு எட்டிய எச்சரிக்கை தம் கையைப் பற்றி இழுத்தவரின் முகத்தில் தெரிந்த பயம் மட்டுமே. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அவருக்கு விளக்கும் மொழி அயலவர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

காது கேட்பவர்களும் சைகை மொழியைப் பேசிய ஊர் உலகில் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் கரையை அடுத்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், பரம்பரையாக வந்த செவிப்புலன் இழப்பு பல குடும்பங்களில் காணப்பட்டதால், 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள மீனவரும் கமக்காரரும் கடைக்காரரும் தமக்குள் கைகளாலும் பேசிக்கொண்டனர். மானிடவியலாளர் நோரா எலன் குறோஸ் தமது 1985ஆம் ஆண்டு நூலுக்காகத் தீவின் முதியவர்களை விசாரித்தபோது, பழைய அயலவர்களுள் யார் யார் காது கேளாதவர் என்பதைக்கூடச் சிலர் யோசித்தே சொல்ல வேண்டியிருந்தது. அத்தீவின் மக்கள் இந்த மொழியை வளர்ந்த பிறகு வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. சிறுபிள்ளைகளாக, பெரியவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

சாவகச்சேரி இந்துக் கல்லூரி, டிறிபேர்க் கல்லூரி போன்றவற்றின் உயர்வகுப்பு மாணவர்கள் செய்யக்கூடிய சமூக சேவைகளுள் மிகப் பயனுள்ளது எது என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது: சைகை மொழியைத் தாம் கற்று, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது. சாரணர் படைகளும் லியோ கழகங்களும் நடத்தும் சிரமதானமும், பிறந்தநாளிலும் திவசத்திலும் இல்லங்களுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுக்கும் வழக்கமும் போற்றத்தக்கவையே. எனினும் சாப்பாட்டுப் பொதியைக் கொடுத்த மாணவருக்கும் அதை வாங்கிய காது கேளாத பிள்ளைக்கும் இடையில் ஒரு சொல்கூடப் பரிமாறப்படவில்லை என்றால், இருவரும் முன்பு போலவே அந்நியராகப் பிரிகிறார்கள். பெயர் என்ன, எந்த ஊர், கிரிக்கெட் பிடிக்குமா என்று சைகையில் கேட்கத் தெரிந்த தரம் மூன்றுப் பிள்ளை, அந்தப் பொதியால் முடியாத ஒன்றைச் செய்துவிடுகிறது.

கற்பிக்கும் முறை கடினமானதன்று. பிள்ளைகள் வரிசையாக அன்றி வட்டமாக அமர்ந்தால்தான் எல்லோருடைய கைகளும் எல்லோருக்கும் தெரியும். கற்பிப்பவர் யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகம் இருண்டுவிடும் என்பதால், வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமே நிற்க வேண்டும். குரல் எழுப்பாத இருபது நிமிடங்கள் என்ற ஒரே விதி, பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் கண்ணுக்குப் பயிற்சியாகவும் அமைகிறது. ஒருவரைக் கூப்பிடத் தோளில் மெல்லத் தட்டுவது, தூரத்தில் இருப்பவருக்குக் கையசைப்பது, பாராட்டுவதற்கு இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது ஆகியவற்றை முதல் நாளே பழகிவிடலாம். பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொண்டால், ஒரு கை கிளையாக நிற்க மறுகை காகமாக வந்து அமர்வதும், நரி கழுத்தை நீட்டி மேலே பார்ப்பதும், வடை விழும் வேகமும் ஒரு சொல்லும் இன்றிக் கண்முன் நிகழ்ந்துவிடும். இடத்தையும் அசைவையும் கொண்டே வாக்கியம் அமைக்கும் இந்த மொழியின் அடிப்படை, பிள்ளைகளுக்கு விளக்கவுரை இல்லாமலே பிடிபடும். கூச்சத்தால் பெரியவர்கள் தவிர்க்கும் முகபாவங்களைச் சிறுவர்கள் தாராளமாகக் காட்டுவதால், இவ்விடயத்தில் அவர்களே மேலான மாணவர்கள்.

எந்தச் சைகை மொழியைக் கற்பிப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். உலகில் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன. ஒரே ஆங்கிலம் பேசும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும்கூடச் சைகை மொழிகள் வேறு வேறு. இலங்கைக்குள்ளேயே பாடசாலைக்குப் பாடசாலை சொற்கள் வேறுபடுகின்றன. ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணிநேரச் சமூக சேவை கட்டாயம் என்பதால், ரொறன்ரோவில் வளரும் தென்மராட்சிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இத்தகைய பணியில் ஆர்வம் எழுவது இயல்பே. ஆனால் அவர்கள் அங்கே பழகிய அமெரிக்கச் சைகைகளை, அல்லது யூரியூப்பில் பார்த்தவற்றை, விடுமுறைக்கு வந்து இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அப்பிள்ளைகள் கைதடியில் யாரோடும் பேச முடியாத ஒரு மொழியைக் கற்றவர்களாவார்கள்.

ஆகவே மாணவர்கள் முதலில் காது கேளாத இளைஞர்களிடமும் யுவதிகளிடமும் சீடர்களாகச் சேர வேண்டும். காது கேளாதவர்களைக் கேளாமலே அவர்களுடைய மொழியைப் பற்றி முடிவெடுத்ததும் நடந்திருக்கிறது: 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வியாளர் மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கி, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் முறையையே ஏற்றபோது, அத்தீர்மானத்தை நிறைவேற்றியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். வன்கூவரில் 2010இல் கூடிய அதே மாநாட்டுத் தொடரின் அமர்வு அதனை நிராகரித்து வருத்தம் தெரிவிக்கும் வரை 130 ஆண்டுகள் கழிந்தன. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயம், சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்கள் உட்பட, பணியில் அமர்த்துமாறு அரசுகளைக் கோருகிறது. கற்பிக்க வரும் இளைஞருக்குப் பஸ் செலவோடு முறையான வேதனமும் கொடுப்பதற்குப் பழைய மாணவர் சங்கங்கள் முன்வர வேண்டும். கணித ரியூசனுக்குக் காசு கொடுக்கும் ஊர், மொழி கற்பிப்பவரை மட்டும் இலவசமாக வரச் சொல்வது நியாயமாகாது. மாணவர்களுக்கு வாய்ப்பான காலம், சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கும் மாதங்கள்: முதற்பகுதியில் வாரத்துக்குச் சில நாட்கள் தாம் கற்று, பிற்பகுதியில் அருகிலுள்ள ஆரம்பப் பாடசாலையிலோ முன்பள்ளியிலோ, தமக்குக் கற்பித்தவரையும் உடன் அழைத்துச் சென்று கற்பிக்கத் தொடங்கலாம்.