மாமர நீள்கொம்பு வண்டு
பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா (டி கியர், 1775)

மாந்தோப்பிலும், இரவில் வீட்டுத் திண்ணை விளக்கடியிலும் காணப்படும் பெரிய வண்டு. நீளம் சுமார் 5 செ.மீ.

முதலில் உணர்கொம்புகளைப் பாருங்கள். கணுக்கணுவாக நீண்டு, ஆண் வண்டில் உடலையும் தாண்டிச் செல்லும். கண் வட்டமாக இராது. கொம்பின் அடியைச் சுற்றி வளைந்து, அவரை விதை போலிருக்கும். சாம்பல் நிற மார்பின் மேல் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள், பக்கத்துக்கு ஒரு முள், இறக்கை உறைகளில் மஞ்சள் திட்டுகள். கையில் பிடித்தால் மார்பை உரசிக் 'கிரீச்' என ஒலி எழுப்பும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு வேறு: அதற்குத் தலையில் ஒற்றைக் கொம்பு, உணர்கொம்புகளோ மிகக் குட்டை.

வளர்ந்த வண்டு இளங்கிளைகளின் பட்டையைத் தின்னும். பெருஞ்சேதம் செய்வது புழுதான். பட்டைக் கீறலில் இட்ட முட்டையிலிருந்து வரும் காலற்ற வெண்ணிறப் புழு, மா, பலா, அத்தி மரங்களின் தண்டைக் குடைந்து பல மாதம் உள்ளேயே வளரும். முழு வளர்ச்சியில் விரலை விடத் தடிமனாக, 10 செ.மீ. வரை நீளும். காய்த்துக் குலுங்கிய மரம் கிளை கிளையாகக் காய்ந்த பிறகே பலர் இதைக் கவனிக்கிறார்கள். அது மிகவும் தாமதம். அடிமரத்தில் துளையும், அதன் கீழே ஈரமான மரத்தூளும் தெரிந்த உடனே கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுக்க வேண்டும்.

இவ்வண்டு மனிதரைக் கொட்டாது. தாடைகள் வலுவானவை, விரலைக் கொடுக்க வேண்டாம்.