ஆஸ்பத்திரி வார்டில் துப்பு துலக்கும் மாணவர்கள்! ரிப்போர்ட் தேறினால் ரூ.50 ஆயிரம், தேறாவிட்டால் ஒரு காசு கிடையாது

சென்னை, அரசு ஆஸ்பத்திரி வார்டு. மத்தியானம் 2 மணி. பெரிய டாக்டர்கள் 'ரவுண்ட்ஸ்' முடித்துப் போய்விட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட மாணவி ஒருவர், கையில் காகிதக் கட்டுடன் கட்டில் கட்டிலாகப் போகிறார்.

"பாட்டி, உங்ககிட்ட பத்து கேள்வி கேட்கணும். அஞ்சு மில்லி ரத்தம் எடுத்துக்கணும். சம்மதமா?"

"காலையிலதானே கண்ணு குத்தினாங்க? மறுபடியுமா?"

மருத்துவக் கல்லூரி உள்ள ஆஸ்பத்திரிகளில் இது பழகிப்போன காட்சி. அந்தப் பெண் இன்னும் டாக்டர் ஆகவில்லை. எம்.பி.பி.எஸ். படிக்கிறார். ஆராய்ச்சி செய்கிறார். அதற்கு உதவித்தொகை தருவது டெல்லியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். சுருக்கமாக ஐ.சி.எம்.ஆர்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1979-ல் தொடக்கம்

மாணவர் ஆராய்ச்சிக்கென்று ஐ.சி.எம்.ஆர். 1979-ம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. மாணவர்கள் இதை 'எஸ்.டி.எஸ்.' என்கிறார்கள். குறுகிய கால உதவித்தொகைத் திட்டம் என்று பொருள். படிக்கும்போதே ஆராய்ச்சியில் ருசி காட்டிவிட வேண்டும் என்பது நோக்கம். நம் ஊரில் டாக்டர் என்றால் கிளினிக், போர்டு, வாசலில் கூட்டம் என்றுதான் நினைப்பு. வியாதி ஏன் வந்தது என்று குடைந்து பார்க்கிற ஆள் குறைவு.

எம்.பி.பி.எஸ். மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். படிப்பை முடித்து பயிற்சி டாக்டராக இருப்பவர்களுக்கு இடம் இல்லை. தங்கள் கல்லூரி பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடிக்க வேண்டும். என்ன கேள்வி, எத்தனை நோயாளிகள், எப்படிக் கணக்குப் போடுவது என்று திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். நிபுணர்கள் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். விண்ணப்பித்த எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

கிடைத்தால் வேலை 2 மாதம். உதவித்தொகை மாதம் ரூ.25 ஆயிரம் வீதம் ரூ.50 ஆயிரம். முன்பு பல ஆண்டுகள் இது மொத்தமே ரூ.20 ஆயிரமாகத்தான் இருந்தது.

கைநாட்டு

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நோயாளியைத் தொடும் முன் தாண்ட வேண்டிய வாசல் ஒன்று உண்டு. கல்லூரியின் 'எதிக்ஸ் கமிட்டி' அனுமதி தர வேண்டும். நோயாளிக்குப் புரிகிற பாஷையில், இங்கே என்றால் தமிழில், விவரம் எழுதிக் காட்ட வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பாட்டி "வேணாம்மா" என்றால் அடுத்த கட்டிலுக்குப் போய்விட வேண்டியதுதான். மறுத்தார் என்பதற்காக அவருக்கு வைத்தியம் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது.

கைக்காசு

இனிமேல்தான் விவகாரமே.

அந்த ரூ.50 ஆயிரம் முதலில் வராது. 2 மாதம் உழைத்து, ரிப்போர்ட் எழுதி, கெடு தேதிக்குள் அனுப்பி, அதை நிபுணர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பணமும் சான்றிதழும். ரிப்போர்ட் சரியில்லை என்று தள்ளிவிட்டால் உழைப்பு உழைப்பாகவே போகும்.

அதுவரை செலவு? துறையின் லேபில் வசதி இருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் டெஸ்டுக்கு வேண்டிய 'கிட்' வெளியே வாங்க வேண்டும். ஹார்மோன், வைட்டமின் டெஸ்ட் என்றால் விலை சும்மா இல்லை. நூறு பேருக்கு என்றால் வீட்டில் கேட்கிற தொகையா அது? அதனால் பலர் ரத்தத்தையே தொடுவதில்லை. கேள்வித்தாளை அச்சடித்துக் கொடுத்து, பதிலை எண்ணி எழுதி முடித்துவிடுகிறார்கள். அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் கேட்க நினைத்த கேள்வி ஒன்று, கேட்க முடிந்த கேள்வி வேறு.

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கூலி வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. 'கிட்' வாங்கும் காசை யார் ஏற்பது? அப்பாவிடம் கேட்டால் "பரீட்சைக்குப் படிடா தம்பி, இதெல்லாம் எதுக்கு?" என்றுதான் பதில் வரும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ரோடு போடும் கான்டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கிற நாடு இது. மாணவனுக்குப் பாதியையாவது முதலில் கொடுத்தால் என்ன?

பூனை ரத்தம்

'சின்னப் பசங்க என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய 'கேஸ்'.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். 1916-ம் ஆண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜே மெக்லீன் என்ற மாணவர், பேராசிரியர் ஹோவெலிடம் வேலை பார்த்தார். வெளியில் பல வேலை செய்து, படிப்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர். ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடச் சொன்னார் பேராசிரியர். மெக்லீன் கண்டதோ தலைகீழ். நாய் ஈரலிலிருந்து எடுத்த ஒரு பொருள், ரத்தத்தை உறைய விடாமல் தடுத்தது.

பேராசிரியர் நம்பவில்லை. மெக்லீன் ஒரு கண்ணாடிக் குவளையில் பூனை ரத்தத்தை ஊற்றி, அந்தப் பொருளைக் கலந்து, பேராசிரியர் மேஜைமேல் வைத்தார். "உறைந்ததும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தம் உறையவே இல்லை!

அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான் 'ஹெப்பாரின்' மருந்து. இன்று மாரடைப்பு வந்தவருக்குப் போடுகிற ஊசி. சிறுநீரகம் பழுதானவருக்கு 'டயாலிசிஸ்' செய்யும்போது, ரத்தம் மெஷினில் கட்டிப்போகாமல் காப்பதும் இதுவே.

கனடாவின் டொரண்டோவில் 1921-ல் டாக்டர் பான்டிங்குடன் சேர்ந்து இன்சுலினைத் துரத்திய சார்லஸ் பெஸ்டுக்கு அப்போது வயது 22. 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் பேராசிரியர் மெக்லியோடுக்கும்தான் கிடைத்தது. பான்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்.

காப்பி அடித்தால்

இதிலும் திருட்டு உண்டு. இன்னொருவர் கட்டுரையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிடிக்க கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். மாட்டினால் ரிப்போர்ட் குப்பைக்குத்தான். வழிகாட்டிப் பேராசிரியரும் தலைகுனிய வேண்டியதுதான்.

விண்ணப்பம், ரிப்போர்ட் எல்லாமே ஆன்லைனில்தான். கெடு முடிந்தால் அதோடு சரி. "கரண்ட் இல்லை சார், நெட் வரலை சார்" என்று மறுநாள் சொன்னால் கேட்க ஆள் இல்லை.